கிளிப் போடும் முன் மூக்கைப் பாருங்கள்: பல்வரிசை, தாடை, தூக்கம் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல்வரிசை சரியில்லை என்று குழந்தையை அழைத்துப் போனால், "இரவில் குறட்டை விடுகிறானா? வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா?" என்று பல் சீரமைப்பு மருத்துவர்கள் இப்போதெல்லாம் கேட்கிறார்கள். பல்லுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழிக்கும் பெற்றோர் ஒரு பக்கம். இரண்டு வீடியோ பார்த்துவிட்டு, கிளிப் போட்டால் குறட்டை போய்விடும் என்றோ, பல் பிடுங்கினால் மூச்சுப் பாதை சுருங்கிவிடும் என்றோ முடிவுகட்டியவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூக்கை முதலில் பார்க்க வேண்டும், அடுத்து தூக்கப் பரிசோதனை (தூங்கும்போது மூச்சைக் கருவியால் அளப்பது), அப்புறம்தான் தாடையும் பல்லும். இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் பணமும் வருடங்களும் வீணாகின்றன.

கொஞ்சம் உடற்கூறு

அண்ணம் வாய்க்குக் கூரை, மூக்குக்குத் தரை. ஒரே எலும்புதான் இரண்டு வேலையும் செய்கிறது. மேல்தாடை குறுகி அண்ணம் உயரமாக வளைந்திருந்தால், அதற்கு மேலே இருக்கும் மூக்குக் குழியும் பெரும்பாலும் குறுகலாகவே இருக்கும். சீராகக் காற்று ஓடும் ஒரு குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்பது இயற்பியல் கணக்கு. மூக்கு அவ்வளவு ஒழுங்கான குழாய் இல்லை என்றாலும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏன் பெரிய விஷயமாகிறது என்பது இதிலிருந்து புரியும்.

அடுத்தது நாக்கு. வாயை மூடி ஓய்வாக இருக்கும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருப்பது இயல்பு. குறுகிய அண்ணத்தில் அதற்கு இடம் போதாது. கீழே இறங்கிப் பின்னால் போகும். நாக்கின் முக்கியமான தசை கீழ்த்தாடையின் முகவாய்ப் பகுதியில், உள்பக்கமாகப் பிடித்திருக்கிறது. அதனால் கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால் நாக்கும் தொண்டைச் சுவருக்கு நெருக்கமாகவே இருக்கும். விழித்திருக்கும்போது தசைகள் விறைப்பாக நின்று பாதையைத் திறந்து வைத்திருப்பதால் ஒன்றும் தெரியாது. தூங்கியதும் தசை தளர்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு இன்னும் பின்னால் சரிகிறது. பாதி அடைத்தால் குறட்டை, முழுதாக அடைத்தால் மூச்சு நிற்கிறது.

சரி, குறுகிய தாடையால் வாய்வழி மூச்சு வருகிறதா, வாய்வழி மூச்சால் தாடை குறுகுகிறதா? இரண்டும் நடக்கிறது. எகில் ஹார்வோல்டு என்ற ஆராய்ச்சியாளர் 1970-களில் ரீசஸ் குரங்குகளின் மூக்கை அடைத்துப் பார்த்தார். அவற்றின் முகமும் கடியும் (மேல் கீழ்ப் பற்கள் சேரும் விதமும்) மாறின. ஆனால் எல்லாக் குரங்குகளுக்கும் ஒரே மாதிரி மாறவில்லை. மூக்கடைப்பைச் சமாளிக்க ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தாடையையும் நாக்கையும் வைத்துக்கொண்டது. முகமும் அதற்கேற்ப வளர்ந்தது. ஸ்வீடனில் லிண்டர்-ஆரன்சன் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், அடினாய்டு (மூக்கின் பின்புறம் இருக்கும் திசு) வீங்கிய குழந்தைகளுக்கு முகம் நீண்டும் மேல்வரிசை குறுகியும் இருந்தது. அதே நேரம், அடினாய்டு இருந்தும் முகம் இயல்பாக வளர்ந்த குழந்தைகள் நிறையப் பேர் உண்டு. பரம்பரைக்கும் பெரிய பங்கு இருக்கிறது. ஆகவே முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம் என்பவரை நம்பிவிடாதீர்கள்.

படி 1: வீட்டில் இரவில் பாருங்கள்

குழந்தைகளுக்கு அடைப்பு அதிகமாக வருவது கனவுத் தூக்கத்தில். அது விடியலை ஒட்டித்தான் நிறைய வரும். தூங்கிய அரை மணி நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் தூங்குகிறான்" என்று சொன்னால் போதாது. விடியற்காலை 4 மணிவாக்கில் ஒருமுறை எழுந்து பாருங்கள். சட்டையைத் தூக்கிவிட்டு, கழுத்தும் நெஞ்சும் வயிறும் தெரியும்படி, சத்தத்தோடு இரண்டு மூன்று நிமிட வீடியோ எடுங்கள். மருத்துவருக்கு உங்கள் விவரிப்பைவிட இது உதவும்.

பார்க்க வேண்டியவை: வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை; குறட்டை திடீரென்று நின்று, பிறகு விக்கியது போல ஒரு மூச்சு; மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே குழிந்து வயிறு மேலே எழும்புவது; கழுத்தைப் பின்னால் வளைத்து, தலையணையைவிட்டு விலகிப் படுப்பது; தலை நனையும் அளவுக்கு வியர்வை; பல் நறநறப்பு; பழகி நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது. பகலில் குழந்தை தூங்கி வழியும் என்று எதிர்பார்க்காதீர்கள். தூக்கம் கெட்ட பெரியவர் சோர்கிறார். தூக்கம் கெட்ட குழந்தை பல நேரம் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறது, எரிந்து விழுகிறது, பாடத்தில் மனம் நிற்பதில்லை என்று பேர் வாங்குகிறது.

பெரியவர்களுக்கு இரண்டு கேள்வித்தாள்கள் உண்டு. எப்வொர்த் அளவுகோலில் எட்டுச் சூழ்நிலைகள்: படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று ஒவ்வொன்றிலும் கண்ணயர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம். இன்னொன்று ஸ்டாப்-பேங்: குறட்டை, சோர்வு, மூச்சு நின்றதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் எடை, 50-க்கு மேற்பட்ட வயது, கழுத்துச் சுற்றளவு, ஆண் என்ற எட்டுக்கு ஆம்-இல்லை பதில். 3 அல்லது 4 ஆம் வந்தால் நடுத்தர வாய்ப்பு, 5 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம். தனியாகத் தூங்குகிறவருக்குத் தன் குறட்டை தெரியாது என்பதால், தொலைபேசியில் ஒலிப்பதிவு வைத்துவிட்டுத் தூங்குவது நல்லது.

பகலில் செய்யக்கூடியது ஒன்று: வாயை மூடி மூன்று நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சுவிட்டபடி அமைதியாக உட்காருவது. சிரமமில்லாமல் முடிந்தால் மூக்கு வேலை செய்கிறது. வாய் திறப்பது ஓரளவு பழக்கமாக இருக்கலாம். முடியவில்லை என்றால் மூக்கில் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட குழந்தையின் வாயில் இரவில் டேப் ஒட்டும் யோசனையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

படி 2: காது மூக்கு தொண்டை மருத்துவர்

குழந்தை விஷயத்தில் இங்கேதான் பெரும்பாலும் விடை கிடைக்கும். மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டும் தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சிலும், பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதை ஒட்டி, சுற்றியுள்ள இடத்தோடு ஒப்பிடும்போது மிகப் பெரிதாக இருக்கும், பதின்பருவத்தில் சுருங்கும். அதுவரை காத்திருந்தால் தானே சரியாகிவிடுமே என்று தோன்றும். முகம் வேகமாக வளரும் வருடங்களும் அதே வருடங்கள்தான், சிக்கல் அங்கே இருக்கிறது.

ஒவ்வாமையால் மூக்கடைப்பு என்றால் உப்புநீர்க் கழுவலும், மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயும் முதலில். ஸ்ப்ரே அடிக்கும்போது முனையை மூக்கின் நடுச்சுவரை நோக்கி வைக்காமல், வெளிப்புறமாக அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். ஒரு நாளில் பலன் தெரியாது; சில வாரங்கள் விடாமல் அடிக்க வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

அறுவை சிகிச்சை பற்றி: தூக்கத்தில் மூச்சடைப்பு உறுதியான, டான்சில் பெருத்த குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டு அகற்றுவதுதான் வழக்கமான முதல் சிகிச்சை. ஆனாலும் எல்லோருக்கும் அவசரம் இல்லை. 2013-இல் அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுள்ள 464 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், பாதிப் பேருக்கு உடனே அறுவை சிகிச்சை, மீதிப் பேரைக் கவனித்துக் காத்திருந்தார்கள். ஏழு மாதம் கழித்து, அறுவை செய்தவர்களில் 79 சதவீதத்தினரின் தூக்கப் பரிசோதனை இயல்பானது. சும்மா காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்கு இயல்பானது. குறட்டை, நடத்தை, வாழ்க்கைத் தரம் எல்லாம் அறுவை சிகிச்சைப் பக்கமே நன்றாக இருந்தன. கவனத்திறன் தேர்வில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. லேசான அடைப்பு உள்ள குழந்தைக்கு ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போமா என்று மருத்துவரிடம் கேட்பது தப்பில்லை.

படி 3: தூக்கப் பரிசோதனை

பெரியவருக்கு 10 விநாடியாவது மூச்சு நின்றால் அது ஒரு நிகழ்வு. குழந்தைக்கு இரண்டு மூச்சு எடுக்கும் நேரம் நின்றாலே கணக்கு. இப்படி மூச்சு நிற்பதும் குறைவதும் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை என்பதுதான் அறிக்கையில் ஏஹெச்ஐ என்று வரும் எண். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. குழந்தைகளுக்கு அளவு வேறு: 1-க்கு மேல் போனாலே இயல்பில்லை, 10-க்கு மேல் கடுமை. ஒரு குழந்தையின் அறிக்கையில் 4 என்று பார்த்து, பெரியவர் கணக்கில் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். பெரியவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் கருவிகள் உண்டு; குழந்தைகளுக்கு ஆய்வகத்தில் ஓர் இரவு தங்குவதே நம்பகமானது. பெற்றோரில் ஒருவர் கூடவே இருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில பல் மருத்துவ நிலையங்களில் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, மூச்சுப் பாதையைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் தீட்டிக் காட்டுவார்கள். சிவப்பைப் பார்த்தால் யாருக்கும் பகீரென்று இருக்கும். அந்தப் படம் விழித்திருக்கும்போது, உட்கார்ந்தோ நின்றோ எடுத்தது. எச்சில் விழுங்கினாலோ நாக்கைச் சற்று நகர்த்தினாலோ அளவு மாறிவிடும். தாடையையும் பல்லையும் திட்டமிட அது உதவும். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று அது சொல்லாது. பல் சீரமைப்பு மருத்துவர் சந்தேகப்படலாம், கேள்வி கேட்கலாம், அனுப்பிவைக்கலாம். நோயை உறுதி செய்ய வேண்டியது தூக்க மருத்துவம் தெரிந்த மருத்துவர் என்பதைத்தான் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கத்தின் 2019 அறிக்கையும் சொல்கிறது.

படி 4: வளரும் தாடைக்குப் பல் சீரமைப்பு

அதே சங்கம் ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டச் சொல்கிறது. ஏழு வயதிலேயே கிளிப் போட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலான குழந்தைகளை "அடுத்த வருடம் வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். முக்கியமாகப் பார்ப்பது மேல்தாடையின் அகலம். கடிக்கும்போது மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு வெளியே உட்கார வேண்டும். உள்ளே விழுந்தால் அது குறுக்குக்கடி.

மேல்தாடை இரண்டு பாதியாக வளர்ந்து நடுவில் ஒரு பொருத்தில் சேர்கிறது. பதின்பருவத்தின் நடுவில் அது இறுகத் தொடங்கும். ஆளுக்கு ஆள் வயது மாறும். அது இறுகும் முன் விரிப்பதுதான் எக்ஸ்பாண்டரின் வேலை. எமர்சன் ஏஞ்சல் 1860-இலேயே ஒரு சிறுமிக்கு இதைச் செய்து எழுதிவைத்திருக்கிறார். புதுக் கண்டுபிடிப்பு என்று யாராவது விற்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டிய பகுதி இதுதான். கடைவாய்ப் பற்களில் ஒட்டிய வளையங்களுக்கு நடுவே, அண்ணத்தில் ஒரு திருகு இருக்கும். குழந்தையைப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். திருகின் முன்பக்கத்தில் ஒரு பொடி ஓட்டை தெரியும். சாவியைச் செருகி, தொண்டைப் பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். அடுத்த ஓட்டை முழுதாகத் தெரியும்வரை தள்ள வேண்டும். பாதியில் விட்டால் மறுநாள் சாவி நுழையாது. வெளியே எடுக்கும்போது முன்னால் இழுத்தால் திருகும் கூடவே திரும்பி வந்துவிடும், ஆகவே பின்பக்கமாகவே சாய்த்து உருவுங்கள். சாவியில் நூல் கட்டி விரலில் சுற்றிக்கொண்டால், கைதவறினாலும் தொண்டைக்குள் போகாது. ஒரு திருப்பு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். ஒரு நாளைக்கு ஒன்றா இரண்டா என்பதை மருத்துவர் சொல்வார்.

திருப்பியதும் மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் சில நிமிடம் அழுத்தம் தெரியும். முதல் சில நாள் எச்சில் ஊறும், பேச்சு குழறும். ஓரிரு வாரத்தில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். அலறி அடித்துக்கொண்டு ஓட வேண்டாம். எலும்பு விரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு பற்கள் தாமாகவே நெருங்கி வரும். திருப்புவது முடிந்த பின்னும் கருவியை மூன்று முதல் ஆறு மாதம் கழற்ற மாட்டார்கள், நடுவில் புது எலும்பு நிரம்ப வேண்டும்.

இதனால் மூச்சு சரியாகுமா? மேல்தாடை உண்மையிலேயே குறுகலான குழந்தைகளுக்கு மூக்குத் தடை குறைவதும், சிலருக்கு ஏஹெச்ஐ இறங்குவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. டான்சில் அடைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அண்ணத்தை மட்டும் விரித்துப் பலன் எதிர்பார்ப்பது கஷ்டம். தாடை அகலம் இயல்பாகவே இருக்கிறது, குறட்டைக்காக மட்டும் விரிக்கலாம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொரு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழ்த்தாடை பின்தங்கியவர்களுக்கு ட்வின் பிளாக் போன்ற கருவிகள் உண்டு. வேகமாக உயரம் வளரும் பருவத்தில் போடுவார்கள். எத்துப்பல்லுக்கும் கடிக்கும் நல்ல பலன் தரும். மூச்சுக்கு என்று மட்டும் போடும் அளவுக்கு அதற்கு ஆதாரம் சேரவில்லை.

பல் பிடுங்கும் பயத்துக்கும் வருவோம். முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டுக் கிளிப் போட்டால் வாய் சுருங்கி மூச்சடைப்பு வரும் என்ற பேச்சு நிறைய ஓடுகிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் பற்கள் இல்லாத 2,792 பெரியவர்களையும் அவர்களுக்கு ஈடான அதே எண்ணிக்கையினரையும் ஒப்பிட்டது. இரு தரப்பிலும் தூக்க மூச்சடைப்பு பத்துச் சதவீதத்தை ஒட்டியே இருந்தது. பல் எடுக்காமல் முடியுமா என்று கேளுங்கள், தாராளமாக. ஆனால் இந்தப் பயத்துக்காக நெரிசலான பற்களை முன்னே தள்ளி ஈறைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாக்கை அண்ணத்தில் அழுத்தியே தாடையை மாற்றலாம் என்ற வீடியோக்களும் அப்படித்தான்: பெரியவர்களின் எலும்பு அதனால் மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது.

படி 5: பெரியவர் என்றால்

வளர்ச்சி முடிந்தவருக்குச் சாதாரண எக்ஸ்பாண்டர் பல்லைச் சாய்க்கும், எலும்பை அவ்வளவாக விரிக்காது. அண்ணத்தில் சிறு திருகாணிகளைப் பதித்தோ, அறுவை சிகிச்சையின் துணையோடோ விரிக்கும் முறைகள் இருக்கின்றன. அதற்கு முன் சிபேப்: காலின் சல்லிவன் 1981-இல் சிட்னியில் அறிமுகப்படுத்திய, காற்றழுத்தத்தால் பாதையைத் திறந்துவைக்கும் இயந்திரம். நடுத்தர, கடும் மூச்சடைப்புக்கு இன்றும் இதுதான் முதல் சிகிச்சை. பலர் ஒரு வாரத்தில் தூக்கி மூலையில் வைப்பது இயந்திரம் பிடிக்காமல் அல்ல, முகமூடி பொருந்தாமல். முகமூடியை மாற்றிப் பாருங்கள், மூக்கடைப்பைச் சரி செய்யுங்கள்.

அது ஒத்துவராதவர்களுக்கும் லேசான அடைப்புக்கும், இரவில் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து நிறுத்தும் வாய்க் கருவி. இதைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்த வேண்டும், கருவியைப் போட்டுக்கொண்டே மறுபடி தூக்கப் பரிசோதனை எடுக்க வேண்டும். கடைசியதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குறட்டைச் சத்தம் நின்றுவிட்டால் மூச்சு நிற்பதும் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வருடக்கணக்கில் போட்டால் கடி மாறும். காலையில் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் சேருகின்றனவா என்று தினமும் கடித்துப் பாருங்கள்.

கடைசிப் படி, இரு தாடைகளையும் சுமார் 10 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தும் அறுவை சிகிச்சை. பெரியது, கீழுதட்டில் மரத்துப்போன உணர்வு பலருக்குச் சில மாதம், சிலருக்கு நிரந்தரமாகவே இருக்கும். பலனும் பெரியது: 2010-இல் வந்த தொகுப்பாய்வில் சராசரி ஏஹெச்ஐ ஏறக்குறைய 64-இலிருந்து 10-க்குக் கீழே வந்தது. முன்னும் பின்னுமாகக் கிளிப் போட வேண்டியிருக்கும் என்பதால், ஒன்றரை இரண்டு வருடத் திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாக்கு, தொண்டைப் பயிற்சிகளைத் துணையாகச் செய்யலாம். பெரியவர்களுக்கு ஏஹெச்ஐ பாதியளவு குறைந்ததாக 2015-இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆனால் தினமும் விடாமல் செய்தால்தான். டிஜெரிடூ என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி ஊதுகருவியை வாசித்தவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்ததாக 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. பக்கத்து வீட்டாரிடம் அனுமதி வாங்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

படி 6: முடிந்த பிறகு

சிகிச்சை முடிந்து சில மாதத்தில் மறுபடி தூக்கப் பரிசோதனை. டான்சில் எடுத்த குழந்தைக்கும், குறிப்பாக உடல் எடை அதிகமுள்ள குழந்தைக்கு, மிச்ச அடைப்பு இருக்கலாம். பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்கும் ரீடெய்னரைப் போடச் சொன்னால் போடுங்கள். பெரியவர்கள் தாடையை இழுக்கும் கருவியும் ரீடெய்னரும் ஒரே இரவில் போட வேண்டியிருந்தால், இரண்டையும் கொடுத்த மருத்துவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும், அதை நீங்கள்தான் நடத்திவைக்க வேண்டும்.

அறிக்கைகளை ஒரே கோப்பில் வையுங்கள். வேறு எதற்காகவாவது, எத்தனை வருடம் கழித்தாவது, மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை என்றால், தூக்கத்தில் மூச்சு நிற்கும் பிரச்சினை இருந்தது என்பதை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சிபேப் இருந்தால் அதையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.